ஐ5-ஐக் கழற்றி ஐ7 போட்டால் லேப்டாப் வேகமாகுமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "லெனோவோ திங்க்பேட் டி440பி வைத்திருக்கிறேன். ஐ5-4300எம் ப்ராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். டேலி, எக்செல், குரோமில் ஜிஎஸ்டி தாக்கல், இவ்வளவுதான் வேலை. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. 6,000 ரூபாய் கொடுத்தால் ஐ7-4712எம்கியூ போட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். மாற்றலாமா?"

வேண்டாம். உங்கள் வேலைக்கு அது வீண் செலவு.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. உங்கள் மாடலில் ப்ராசஸரை மாற்ற முடியும், அதுவே இன்று அபூர்வம். உங்களுடையது இன்டெல்லின் 4-ஆம் தலைமுறை. அதற்குப் பிறகு வந்த லேப்டாப்களில், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் போக, ப்ராசஸரை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். 4-ஆம் தலைமுறையிலும் பெயர் எம், எம்கியூ அல்லது எம்எக்ஸ் என்று முடிந்தால்தான் கழற்றி மாட்டக்கூடிய சாக்கெட். யூ, எச்கியூ என்று முடிந்தால் மாற்றும் யோசனையையே விட்டுவிடலாம்.

ஆனால் மாற்றினால் என்ன கிடைக்கும்? உங்களிடம் இருக்கும் ஐ5-இல் 2 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் 2 பகுதிகள்; டர்போ வேகம், அதாவது அதிகபட்ச வேகம், 3.3 கிகாஹெர்ட்ஸ். கடைக்காரர் தரும் ஐ7-இல் 4 கோர். டர்போ வேகம் அதே 3.3 கிகாஹெர்ட்ஸ். கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி, 3 எம்பியிலிருந்து 6 எம்பி ஆகிறது. அதாவது ஒரு கோரின் வேகம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். நான்கு கோரையும் ஒரேயடியாக இழுத்து வேலை வாங்கும் மென்பொருள் இருந்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும். வவுச்சர் போடுவதும் ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் அந்த ரகம் இல்லை.

என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம், நீங்களே பாருங்கள். லேப்டாப் திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு சிபியு 20, 30-இல் இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். மெமரி 90-ஐத் தாண்டியிருந்தால் ராம் போதவில்லை. இடம் பற்றாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கையே ராம் மாதிரி பயன்படுத்தும், அதனால் டிஸ்க் இன்னும் திணறும். 4 ஜிபியில் குரோம் ஓட்டும் உங்கள் லேப்டாப்பில் இந்த இரண்டுமே கண்ணில் படும் என்று நினைக்கிறேன். சிபியு நிமிடக்கணக்கில் 100-இலேயே நின்றால் மட்டும் ப்ராசஸரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் கீழே காட்டும் வேகத்தைக் கவனியுங்கள். 2.6 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கியிருந்தால், சூடு தாங்காமல் ப்ராசஸர் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனை வருடத்தில் ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, ஃபேனில் தூசு அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே பாதி பிரச்சினை தீரும்.

சரி, பணத்தை எதில் போடுவது? முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், அதைவிட வேகமான 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. 256 ஜிபியே உங்களுக்குத் தாராளம். என்விஎம்இ என்ற இன்னொரு வகை எஸ்எஸ்டியை வாங்கிவிடாதீர்கள், இதில் வேலை செய்யாது. அப்புறம் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட் என்று ஸ்டிக்கரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1.5 வோல்ட் டிடிஆர்3 பார்க்க அதே மாதிரி இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் இந்த லேப்டாப்புக்குச் சரிவராது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஐ7 போட்டாலும் உங்களுடையது 4-ஆம் தலைமுறைதான். இதில் பெரிய தொகை போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். எஸ்எஸ்டியையாவது நாளை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த ஐ7-ஐ இதே மாதிரி சாக்கெட் உள்ள பழைய லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் போட முடியாது.

இதே லேப்டாப்பில் நீங்கள் வீடியோ எடிட் செய்து எக்ஸ்போர்ட் போடுபவராகவோ, பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்பவராகவோ இருந்து, எஸ்எஸ்டியும் ராமும் ஏற்கெனவே இருந்தால், மாற்றுங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஐ5, ஐ7 இரண்டும் 37 வாட் என்பதால் கூடுதல் சூட்டுக்கும் பயப்பட வேண்டாம். அப்படி வாங்குகிறவர்கள் முதலில் பயாஸை, அதாவது லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்துவிடுங்கள். கைமாறி வரும் சிப்பைத் திருப்பி, பின்கள் வளையாமல் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மேலே மாடல் பெயருக்குப் பதில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று அச்சிட்டிருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த சிப். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.