புதுச் சங்கிலி ஏன் நிலைக்கவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் நெல் ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேற்றர், முக்கால் அங்குலச் சங்கிலி ஒன்றினால் ஓடுகிறது. மோட்டார்ப் பக்கத்துப் பற்சில்லுக்கு 13 பல், மேலே உள்ளதற்கு 38 பல். கடந்த வருடம் புதுச் சங்கிலி வாங்கிப் போட்டோம், பற்சில்லுகள் பழையவையே. ஏழு மாதத்துக்குள் சங்கிலி நீண்டு, சுமை ஏறும்போது பல்லை விட்டுத் துள்ளுகிறது. சங்கிலி மட்டமானது என்கிறார்கள். பற்சில்லையும் மாற்ற வேண்டுமா? எப்படிப் பார்த்து வாங்குவது?
– ஆலை உரிமையாளர், சாவகச்சேரி

பதில்: சங்கிலியைக் குறை சொல்வதற்கு முன் பழைய பற்சில்லுகளைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதிய பல்லுக்கு இரு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல்லோ, சுமை தாங்கும் பக்கம் குழிந்து, நுனி மெலிந்து, கொக்கச்சத்தகத்தின் அலகைப் போல ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். அந்த வளைவு சங்கிலியின் உருளையை எளிதில் விடாது பிடித்து இழுக்கும். பற்களுக்கிடையிலான குழியும் அகன்று போனதால், சுமை பல பற்களில் பகிரப்படாமல் ஓரிரு பற்களில் மட்டும் விழும். அப்படிப்பட்ட சில்லில் எவ்வளவு உயர்ந்த சங்கிலியைப் போட்டாலும் அது விரைவில் கெடும். சங்கிலியும் பற்சில்லும் சேர்ந்தே தேய்கின்றன. சேர்த்தே மாற்ற வேண்டும். சங்கிலி மட்டும் வாங்குவது மலிவாகத் தோன்றினாலும், ஒரே வருடத்தில் இரண்டாவது சங்கிலிக்கும் காசு கொடுக்கும் நிலைக்கு அதுவே உங்களைக் கொண்டுவந்திருக்கிறது.

சங்கிலி நீள்கிறது என்று சொல்கிறோமே தவிர, அதன் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ‘பின்’ என்ற உருக்கு ஊசியும், அதைச் சுற்றியுள்ள ‘புஷ்’ என்ற சிறு குழாயும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதால், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள இடைவெளி சிறிது சிறிதாகக் கூடுகிறது. இதை அளப்பது எளிது. முக்கால் அங்குலச் சங்கிலியில் 16 இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக ஓர் அடி, அதாவது 304.8 மில்லிமீற்றர். சங்கிலியை விறைப்பாக இழுத்துப் பிடித்து, முதலாவது பின்னின் நடுவிலிருந்து பதினேழாவது பின்னின் நடுவரை அளந்து பாருங்கள். 311 மில்லிமீற்றரைத் தொட்டால் 2 சதவீதம் தேய்ந்துவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது. கழற்றாமல் பார்க்க வேண்டுமானால், இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்த பின்னர், பெரிய சில்லைச் சுற்றிய சங்கிலியை நடுவில் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால் சங்கிலி தேய்ந்துவிட்டது. பல்லின் பக்கவாட்டு முகம் பளபளவென்று தீட்டப்பட்டிருந்தால் அது வேறு நோய்: இரண்டு சில்லுகளும் ஒரே நேரில் இல்லை. ஒரு நூலை இரண்டு முகங்களுக்கும் குறுக்கே இழுத்துப் பிடித்து நேர் பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் புதிய சில்லு போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

வாங்கும்போது அளவில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். முக்கால் அங்குலம் என்று மட்டும் கடையில் சொல்வது போதாது. பிரித்தானிய வழியில் வந்த 12பி, அமெரிக்க வழியில் வந்த 60 ஆகிய இரண்டு சங்கிலி வகைகளுக்கும் பின்களின் இடைவெளி 19.05 மில்லிமீற்றரே. ஆனால் 12பி சங்கிலியின் உள் அகலம் 11.68 மில்லிமீற்றர், 60 இன் உள் அகலம் 12.57, உருளையின் விட்டமும் 12.07, 11.91 என வேறுபடும். 60 இன் சில்லில் 12பி சங்கிலியை மாட்டினால் பல்லின் பக்கங்கள் உரசும். பழைய சங்கிலியின் தகட்டில் பொறித்துள்ள எண்ணைப் பாருங்கள், அல்லது ஒரு துண்டைக் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்தது பல்லின் எண்ணிக்கை. 13 பல் குறைவு என்பதே என் கருத்து. சங்கிலி பல்கோண வடிவில் சில்லைச் சுற்றுவதால் அதன் வேகம் ஒவ்வொரு பல்லிலும் கூடிக் குறைகிறது. 13 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 2.9 சதவீதம், 17 பல்லில் 1.7 சதவீதம். சில்லு பெரிதாகும்போது அதே வேலைக்குச் சங்கிலியின் இழுவையும் கால் பங்களவு குறைகிறது. இடம் இருந்தால் 17 க்கு 50 போடுங்கள்; எலிவேற்றரின் வேகம் அநேகமாக மாறாது. சங்கிலியின் பின்கள் ஓடும் வட்டத்தின் விட்டம் 38 பல் சில்லில் ஏறக்குறைய 231 மில்லிமீற்றர், 50 பல்லில் 303; பல் நுனி அதற்கும் சற்று வெளியே நிற்கும். பாதுகாப்பு மூடிக்குள் அது அடங்குமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். சங்கிலியும் நீளமாக வேண்டும்; கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டையாக இருக்கட்டும். அப்போது ஒற்றை எண்ணான 17 பல்லில் ஒரே பல் ஒரே கண்ணியை அடிக்கடி சந்திக்காது, தேய்வு பரவலாகும். பெரிய சில்லு ஒரு தடவை சுற்றும்போது சிறியது ஏறக்குறைய மூன்று தடவை சுற்றுவதால், அதன் பல் முனைகள் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். தேய்ந்த பல்லில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவித் தருவதாகச் சொல்லும் பட்டறைகளை நம்ப வேண்டாம். பற்களின் இடைவெளி அதனால் ஒருபோதும் சீராகாது.

சங்கிலியின் மேல் கிறீஸ் பூசும் வழக்கத்தையும் விடுங்கள். உமியில் சிலிக்கா உண்டு. கிறீஸில் ஒட்டும் உமித்தூள் சாணைக்கல் போல அரைக்கும், கிறீஸோ பின்னுக்குள் செல்லாது. மெல்லிய எண்ணெயைத் தகடுகளின் இடுக்கில், தளர்ந்த பக்கத்தில் விடுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் தேய்ந்த பற்சில்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாமா?
– அச்சுவேலி வாசகர்

பதில்: சில்லு வெறும் தட்டாக இருந்தால், அல்லது திருப்பினாலும் நேர் மாறாமல் பூட்டக்கூடியதாக இருந்தால், தற்காலிகமாகச் செய்யலாம். ஆனால் பல்லின் நுனி கத்தி முனை போல் மெலிந்திருந்தால் செய்யாதீர்கள்; அது உடைந்து சங்கிலிக்குள் விழும். திருப்பிய சில்லில் புதுச் சங்கிலியையும் போடாதீர்கள். அறுவடை முடியும்வரை பழைய சங்கிலியோடு ஓட்டுங்கள், அதன் பின்னர் சங்கிலி, இரண்டு சில்லுகள் ஆகிய மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.