உமியையும் செம்பனை வெறுங்குலையையும் பொடியாக்கி பிளாஸ்டிக்கில் கலந்தால் செலவு பாதியாகக் குறையுமா?

தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து, வெறுங்குலையையும் உமியையும் அரைத்து பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கலந்து பூந்தொட்டிகள் செய்யலாமா, செலவு பாதியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் செலவு பாதியாகாது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பாகான் செராயில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில், கண்டறிந்ததைச் சொல்கிறேன்.

இந்த முறை புதியதன்று. 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட் என்ற தொடக்ககாலப் பிளாஸ்டிக்கிலேயே மரத்தூளை நிரப்பியாகச் சேர்த்தார்கள்.

முதலில் எந்தக் கழிவு என்பதை முடிவு செய்யுங்கள். ஆலையில் நீராவியில் அவித்துப் பழம் உதிர்த்த பின் வெளிவரும் வெறுங்குலையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான்; எண்ணெய்ப் பிசுக்கும் மிஞ்சியிருக்கும். அதைக் காயவைத்து அரைப்பதற்கே பெரும்பணம் போய்விடும். மேலும் அதில் சாம்பல் சத்து நிறைந்திருப்பதால் தோட்டங்கள் அதைச் செம்பனை மரத்தடியிலேயே பரப்புகின்றன. கொட்டை ஓடும் நாரும் ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றன. ஆகவே கழிவு என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வேலை இருக்கிறது. எங்கள் கிரியான் வட்டார அரிசி ஆலைகளின் உமியோ பெரும்பாலும் காய்ந்தே கிடைக்கிறது. என் தேர்வு உமிதான். அதிலுள்ள சிலிக்கா, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எந்திரத்தின் திருகு, குழல் ஆகியவற்றைத் தேய்க்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். நம் ஊர்க் காற்றில் வெயிலில் காய்ந்த பொடிகூட இரவோடு இரவாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்தி, உடனே எந்திரத்தில் போடாவிட்டால், நீர் ஆவியாகிப் பொருளின் மேல் வெள்ளிக் கோடுகளும் உள்ளே குமிழிகளும் விழும். எந்திரச் சூடு 200 டிகிரியைத் தாண்டினால் பொடி கருகி, பட்டறை முழுவதும் புகைநாற்றம் அடிக்கும். பாலிபுரொப்பிலீன் 165 டிகிரியை ஒட்டி உருகுவதால் ஒத்துவருகிறது. தண்ணீர் போத்தல் பிளாஸ்டிக்கோ 250 டிகிரிக்கு மேல் கேட்பதால் இந்த வேலைக்கு உதவாது.

ஒட்டுதல்தான் உண்மையான சிக்கல். தாவரப் பொடி நீரை விரும்பும், பாலிபுரொப்பிலீன் அதை ஒதுக்கும். இரண்டையும் ஒட்டவைக்கும் இணைப்புப் பொருள் சேர்க்காமல் வார்த்த பட்டையை ஒடித்து, உடைந்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், துகள்கள் முழுசாகக் கழன்று வந்த வழவழப்பான குழிகள் வரிசையாகத் தெரியும். இணைப்புப் பொருளாக, மாலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஏற்றிய பாலிபுரொப்பிலீனைச் சில விழுக்காடு சேர்த்தால் பிடிப்பு கூடி, துகளும் பிளாஸ்டிக்கும் ஒன்றாக உடையும். அதைச் சேர்த்தாலும் பொருள் விறைப்பாகுமே தவிர அடி தாங்காது. நாற்காலிக் கால் போன்றவற்றுக்கு இது வேண்டாம்.

இப்போது செலவுக்கு வருகிறேன். பிளாஸ்டிக் தொட்டியை நாம் கொள்ளளவில் விற்கிறோம், பொடியையோ எடையில் கலக்கிறோம். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம்; தாவரப் பொடியின் அடர்த்தி, அழுத்தத்தில் இடுக்குகள் அடைபட்டபின், சுமார் 1.45. எடையில் 40 விழுக்காடு பொடி கலந்தால் கலவையின் அடர்த்தி 1.06 ஆகிவிடுவதால், அதே தொட்டிக்கு மிச்சமாகும் பிளாஸ்டிக் 29 விழுக்காடுதான். உலர்த்துதல், அரைத்தல், இணைப்புப் பொருள், தேயும் திருகு ஆகியவற்றின் செலவு அதிலிருந்துதான் கழிய வேண்டும். பலர் இந்தக் கணக்கைப் போடாமலே எந்திரம் வாங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

அரைக்கும் இடத்தில் நெருப்புப்பொறிக்கு இடமே கொடுக்காதீர்கள். காற்றில் மிதக்கும் நுண்பொடி வெடிக்கக்கூடியது. தொட்டியில் ‘மக்கும்’ என்று அச்சிடவும் வேண்டாம், ஏனெனில் அதிலுள்ள பாலிபுரொப்பிலீன் மக்காது. எந்திரம் வாங்குமுன், கலவையை வேறொரு பட்டறையில் கூலிக்கு வார்த்து, அந்தத் தொட்டிகளை ஒரு மழைக்காலம் முழுவதும் வெளியில் வைத்து, உப்புகிறதா, பூஞ்சை பிடிக்கிறதா என்று பாருங்கள்.