மூன்று பாகம் மாற்றியும் அடங்காத சூடு: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன். சிக்னலில் ஏசியோடு நின்றால் என் காரின் டெம்பரேச்சர் முள் ஏறும். வண்டி ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடும். பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட், அப்புறம் வாட்டர் பம்ப், கடைசியில் ரேடியேட்டர் என்று மாற்றி 31,000 ரூபாய் வாங்கினார்கள். பலன் இல்லை. வேறொரு மெக்கானிக், ஃபேன் ரிலே (ரேடியேட்டர் ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) போயிருக்கிறது என்று சில நூறு ரூபாயில் சரிசெய்துவிட்டார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கேட்கலாம். ஆனால் ‘வண்டி சரியாகவில்லை’ என்ற ஒன்றை மட்டும் சொன்னால் வழக்கு நிற்காது. மெக்கானிக்கின் கணிப்பு ஒருமுறை தப்புவதெல்லாம் சேவைக் குறைபாடு ஆகிவிடாது. சோதிக்காமலே கழற்றினார் என்பதைத்தான் நீங்கள் காட்ட வேண்டும்.

அதற்கு நீங்கள் சொன்ன அறிகுறியே பெரிய பலம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது ஃபேன் சுற்றினால்தான் உண்டு. பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். பானட்டைத் திறந்து அதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? எனவே முதலில் ஜாப் கார்டை, அதாவது வண்டியை விடும்போது உங்கள் குறையைப் பட்டறையில் எழுதித் தந்த சீட்டை, தேடி எடுங்கள். ‘சிக்னலில் நின்றால் ஹீட்’ என்று அதில் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. வெறுமனே ‘ஹீட் செக்’ என்று கிறுக்கியிருந்தால், நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள்.

‘பழைய பம்பிலும் கசிவு இருந்தது, சார் சம்மதித்துத்தான் மாற்றினோம்’ என்பார்கள். பழைய பாகங்களை எழுத்துமூலம் கேளுங்கள். காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம் என்றால் அந்தப் பதிலும் எழுத்தில் வரட்டும். பழுதான ரிலேவைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவது மெக்கானிக் சாட்சி சொல்லத் தயங்கலாம், தொழில் பகை வருமே! ‘ஃபேன் ரிலே மாற்றிய பின் சூடு நின்றது’ என்று பில்லிலாவது எழுதி வாங்குங்கள்.

31,000 ரூபாயும் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். புதுப் பாகங்கள் உங்கள் வண்டியில்தானே இருக்கின்றன. தெர்மோஸ்டாட் செலவு வருவது கஷ்டம். அது முதல் கணிப்பு. அது பலிக்காத பிறகும் ஃபேனைப் பார்க்காமல் பம்ப்பையும் ரேடியேட்டரையும் மாற்றியதில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பட்டறைக்கு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியவில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. என் பிழைப்புக்குக் கேடுதான், இருந்தாலும் சொல்கிறேன்: வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பட்டறைக்காரர் ‘பார்த்துச் செய்கிறோம்’ என்று இழுத்தடிக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் கழியும்.