சார்ஜரிலேயே வைத்திருந்தால் பேட்டரி கெடுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளின் லேப்டாப்புக்கு மூன்று வயதாகிறது. மின்வெட்டுக்குப் பயந்து எந்நேரமும் சார்ஜரிலேயே போட்டு வைத்திருக்கிறோம். முன்பு ஐந்து மணி நேரம் நின்ற சார்ஜ் இப்போது இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை. வாரம் ஒருமுறை முழுவதும் தீரவிட்டு ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?
- வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா. அது நிக்கல் காட்மியம் பேட்டரிகள் புழங்கிய காலத்து அறிவுரை. உங்கள் மகளிடம் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி; அதை வாரந்தோறும் பூஜ்யம்வரை இறக்கினால் தேய்மானம்தான் கூடும்.

சார்ஜரை மாட்டியே வைத்திருப்பதால் மின்சாரம் அளவுக்கு மீறி ஏறிவிடாது; நிறைந்ததும் உள்ளிருக்கும் சுற்றே ஏற்றத்தை நிறுத்திவிடும். ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு மின்கலமும் (செல்) ஏறத்தாழ 4.2 வோல்ட் என்ற உச்சத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும்போது, உள்ளே வேண்டாத வேதிவினைகள் விரைந்து நடந்து, மின்னைச் சுமக்க வேண்டிய லித்தியத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகின்றன. வெப்பம் சேர்ந்தால் இது இன்னும் வேகமெடுக்கும். சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே, மெத்தைமேல் வைத்து, அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபட்ட நிலையில் ஓடும் லேப்டாப்பைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத அந்தச் சூட்டில்தான் பேட்டரியும் கிடக்கிறது. மேசையிலோ, ஒரு பலகையின்மேலோ வைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பெரும்பாலான நிறுவனங்கள் தம் லேப்டாப்புடன் தரும் செயலியிலேயே ஏற்றத்தை 80 சதவீதம் அளவில் நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. லெனோவோவில் அதற்குக் ‘கன்சர்வேஷன் மோடு’ என்று பெயர். அதை இன்றே இயக்கிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின் நிறுத்தம் என்று அறிவிப்பு வந்தால், முந்தைய இரவு மட்டும் அதை அணைத்து முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். என்றோ ஒரு நாள் நூறு இருப்பதில் கேடில்லை, ஆண்டெல்லாம் நூறிலேயே இருப்பதுதான் கேடு.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ஆங்கிலத்தில் ‘பவர்’ என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளைச் சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாகத் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அது சேமிக்கப்பட்ட இடமும் திரையிலேயே தெரியும். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ (புதிதில் இருந்த கொள்ளளவு) 42,000 என்றும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ (இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு) 25,000 என்றும் இருந்தால், மிச்சம் ஏறக்குறைய 60 சதவீதம் என்று பொருள். திரை வெளிச்சத்தைக் குறைப்பதும் பேட்டரி சேவரை இயக்குவதும் இருப்பதை நீட்டித் தருமே தவிர, போனதை மீட்டுத் தராது. பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றுவதே நல்லது.

இன்னொன்றையும் அவசியம் கவனியுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். உடனே அணைத்துச் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அழுத்தவோ குத்தவோ செய்யாமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். அதுவரை மகள் அதை இயக்கவே வேண்டாம்.