தர்மபுரியிலிருந்து தரங்கம்பாடி: ரயில் தேடினால் ஊரே காட்டவில்லை

தர்மபுரியிலிருந்து பிள்ளைகளோடு தரங்கம்பாடி போக ரயில் தேடினேன், ஊரின் பெயரே வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தரங்கம்பாடிக்கு இப்போது ரயிலே கிடையாது, அதனால்தான் காட்டவில்லை. மயிலாடுதுறை என்று தேடுங்கள், நிலையக் குறியீடு எம்வி. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு இருந்த மீட்டர்கேஜ் (பழைய குறுகிய) ரயில் பாதையை 1980களிலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் குறிப்பு எதையாவது பார்த்திருப்பீர்கள்.

புறப்படும் இடத்தையும் மாற்றுங்கள். தர்மபுரி நிலையம் பெங்களூர்–சேலம் பாதையில் இருக்கிறது. மைசூரிலிருந்து மயிலாடுதுறை வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ் தர்மபுரியைத் தொடாமல் ஜோலார்பேட்டை சுற்றிச் சேலம் வருகிறது. எனவே சேலம் ஜங்ஷன் – மயிலாடுதுறை போட்டுப் பாருங்கள். இரவில் ஏறினால் காலையில் இறங்கலாம். நள்ளிரவை ஒட்டி ஏறுவதாக இருந்தால் டிக்கெட்டில் தேதியைச் சரிபாருங்கள், பன்னிரண்டு மணி தாண்டினால் தேதி மாறிவிடும், பலரும் ஏமாறுவது அங்கேதான். மயிலாடுதுறையிலிருந்து பொறையாறு பக்கம் போகும் பஸ்ஸில் சுமார் 30 கிலோமீட்டர்.

வெள்ளிக்கிழமை போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை. 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையை வெளிச்சுவரோடு பார்த்துத் திரும்ப இவ்வளவு தூரம் எதற்கு? சனிக்கிழமை காலை நகர வாயிலில் இறங்கி ராஜ வீதியில் நடந்தால் 1718ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் ஆலயம், பிறகு கோட்டை, பக்கத்திலேயே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில். எல்லாம் நடக்கும் தூரம்தான். வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள், கரையில் நிழல் குறைவு.

பிள்ளைகள் கடலில் குளிப்பதைப் பற்றிக் கேட்டதற்கு: கோயில் பக்கம் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கிறது, அலையும் இழுக்கும். ஒகேனக்கலில் குளித்துப் பழகியவர்கள் என்றாலும் இங்கே கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.