9 போதும் என்றால் மற்ற 4? – வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு முதலில் ஒப்புதல் தந்த மாநிலம் எது?

டெலவேர். 1787 டிசம்பர் 7. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை.

கேள்வி: இருந்த 13இல் 9 மாநிலங்கள் ஏற்றதும் மீதி 4 மாநிலங்களும் தானாகவே கட்டுப்பட்டன, சரிதானே?

தப்பு. சாசனம் எப்போது நடைமுறைக்கு வரும் என்று சொல்லும் அதன் ஏழாவது பிரிவு ஒரே வாக்கியம்தான். அதைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். ஏற்ற மாநிலங்களுக்கிடையே மட்டுமே சாசனம் செல்லும். 1789 ஏப்ரலில் வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவியேற்றபோது வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் வெளியேதான் நின்றன.

கேள்வி: பென்சில்வேனியாவில் அடிதடி நடந்ததாமே?

நடந்தது. சட்டசபையில் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு (கோரம்) 2 பேர் குறைந்தது. சாசனத்தை ஏற்பதா என்று முடிவுசெய்யும் மாநாட்டுக்கான தேர்தலைத் தள்ளிப்போட, சாசனத்தின் எதிர்ப்பாளர்கள் வராமலே இருந்தார்கள். கூட்டம் ஒன்று அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே போய் இருவரை இழுத்துவந்து அவையில் உட்கார வைத்தது. தேர்தலுக்குத் தேதி குறிக்கப்பட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: சட்டசபை தேதிதான் குறித்தது, ஒப்புதல் தந்தது மக்கள் தேர்ந்தெடுத்த மாநாடு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: சாசனத்தை எதிர்த்தவர்கள் வெறும் முட்டுக்கட்டைதானே? உரிமைகளைக் காக்கும் முதல் பத்துத் திருத்தங்களைத் தந்தது, சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் அல்லவா?

இந்தப் பேச்சை எத்தனை பாடப்புத்தகங்களில் பார்த்தாலும் எனக்கு ஆறுவதில்லை. 1787இல் சாசனத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் உரிமைப் பட்டியல் வேண்டும் என்று கேட்டவர் வர்ஜீனியப் பிரதிநிதி ஜார்ஜ் மேசன். ஒரு மாநிலமும் ஆதரிக்கவில்லை. மேசன் சாசனத்தில் கையெழுத்தே போடவில்லை. அப்புறம் மாசசூசெட்ஸ் மாநாட்டில் சாசனம் தோற்கும் நிலை வந்ததும், திருத்தங்களைப் பரிந்துரைத்தே ஏற்போம் என்று அந்த மாநில ஆளுநர் ஜான் ஹான்காக் வழி சொன்னார். அப்படியும் ஆதரவு 187, எதிர்ப்பு 168தான். பத்துப் பேர் மாறியிருந்தால் கதை வேறு. வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27. அதுவரை பட்டியல் அவசியமில்லை என்றிருந்த மாடிசன், ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு நின்றபோதுதான் திருத்தங்களுக்கு வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், அந்தப் பெருமை அவருடையதே. ஆனால் கேட்டு வாங்கியவர்கள் எதிர்ப்பாளர்கள். 1791 டிசம்பரில் அவை சட்டமாயின.

கேள்வி: நேரடி மக்கள் வாக்கெடுப்பு எங்காவது உண்டா?

ரோட் ஐலண்டில், 1788 மார்ச்சில். ஆதரவாளர்கள் புறக்கணித்தார்கள். ஆதரவு 240கூட இல்லை, எதிர்ப்பு 2,700. மற்ற எல்லா இடத்திலும் மாநாடுதான். மறுபடியும் சொல்கிறேன், சட்டசபை அல்ல.

கேள்வி: அதே ரோட் ஐலண்ட் கடைசியில் ஏன் இறங்கிவந்தது?

ரோட் ஐலண்டின் வணிகத்தை முடக்கும் மசோதாவைக் காங்கிரசின் மேலவையான செனட் நிறைவேற்றிவிட்டது. அந்த மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரமோ மாநிலத்தைவிட்டுப் பிரிந்துபோவோம் என்றது. 1790 மே 29 அன்று அதன் மாநாடு 34க்கு 32 என்ற வாக்கில் சாசனத்தை ஏற்றது.