அக்கா சொல்வது ஒன்று, தம்பிக்கு நினைவிருப்பது வேறு

கேள்வி: அக்கா விடுதிப் பள்ளிக்குப் போனபோது எனக்கு 6 வயது, அவளுக்கு 13. சிரித்துக்கொண்டே கிளம்பியதாகத்தான் எனக்கு ஞாபகம். 'அழ அழ அனுப்பினார்கள்' என்கிறாள் அவள். இதில் ஆரம்பித்த சண்டையில் 6 வருடமாகப் பேச்சில்லை. வருகிற விடுமுறையில் குடும்பமே 3 நாள் ஒன்றுகூடுகிறது. யார் சொல்வது சரி என்று அம்மாவிடமே கேட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். அம்மாவை நீதிபதியாக்கினால், தீர்ப்பு எதுவானாலும் ஒரு பிள்ளை தோற்றுப்போகும். தவிர, அனுப்பி வைத்தவர்களில் அவரும் ஒருவர்தானே!

1986-ல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தி எப்படித் தெரியவந்தது என்று மாணவர்களை எழுதவைத்தார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டுக்கும் மேல் கழித்து அவர்களையே திரும்பக் கேட்டபோது, பலர் வேறு இடத்தையும் வேறு ஆட்களையும் சொன்னார்கள். அதுவும் அடித்துச் சொன்னார்கள். ஆகவே 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது' என்பதை உங்கள் தரப்புச் சாட்சியாக வைக்காதீர்கள். இரண்டு காட்சியுமே நடந்திருக்கலாம்: தம்பி முன்னால் சிரித்தவர் வண்டியில் ஏறியதும் அழுதிருக்கலாம். 6 வயதுப் பையனின் பார்வை வாசல்வரைதான்.

விடுமுறைக்கு 2 வாரம் முன்பே, குடும்பக் குழுவில் போடாமல், அக்காவுக்கு மட்டும் செய்தி அனுப்புங்கள். மூன்று வரி போதும்: 'அக்கா, நானும் வருகிறேன். எல்லோர் முன்னாலும் பழையதைக் கிளற மாட்டேன். உனக்குச் சம்மதம் என்றால் இரண்டாம் நாள் காலை நாம் இருவர் மட்டும் நடந்துவிட்டு வரலாம்.' நான்காவது வரி 'ஆனால்' என்று ஆரம்பித்தால் அழித்துவிடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பவும் வேண்டாம்.

முதல் நாள் பயணக் களைப்பு இருக்கும். கடைசி நாள் பேசினால் புண்ணைக் கீறிவிட்டுப் பெட்டி கட்டுவது போல் ஆகும். அதனால்தான் இரண்டாம் நாள். நடக்கும்போது முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேச்சும் கொஞ்சம் சுலபமாக வரும். 40 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

அதற்குமுன் ஒரு தாளில் மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள்: நானே பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, நானாக ஊகித்தது. 'சிரித்தாள்' முதல் பத்தியில் வரும். 'என்னை விட்டுப் போவதில் அவளுக்குச் சந்தோஷம்' மூன்றாவதில். சண்டை பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் இருக்கும். அக்காவும் எழுதுவதானால் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக எழுதிவிடுங்கள். பேசியபின் ஒருவர் சொன்னது மற்றவர் ஞாபகத்தில் கலந்துவிடும். பழைய பள்ளிச் சான்றிதழ் தேதியைச் சொல்லும், அன்று யார் மனசு எப்படி இருந்தது என்று சொல்லாது.

'அப்படி நடக்கவே இல்லை' என்று வாய்வரை வந்தால் விழுங்கிவிட்டு, 'எனக்கு அது தெரியாதே, அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேளுங்கள்.

இதெல்லாம் மனத்தாங்கலுக்குத்தான். அடி, பாலியல் தொல்லை என்று ஒருவர் சொல்லும்போது 'ஞாபகம் மாறும்' என்பதை அவர்மேல் வீசக் கூடாது.

கேள்வி: மரத்திலிருந்து விழுந்தது நான். தான்தான் விழுந்ததாக அண்ணன் ஊரெல்லாம் சொல்கிறான். பொய்தானே?

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒரே சம்பவத்தை 'எனக்குத்தான் நடந்தது' என்று இரட்டையர் இருவருமே நம்புவதை 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவுசெய்தது. மற்ற உடன்பிறப்புகளிடமும் இது உண்டு. தழும்பு யார் காலில் இருக்கிறது என்று பாருங்கள்.